போர்ச் செய்தியில் ஆங்கிலம் பயில்தல்: மலையக நோக்கில் ஒரு விமர்சனம்

ஒரு மொழியை நாம் எங்கிருந்து கற்கின்றோம் என்பது, அம்மொழியின் வழியே எதனைக் காணக் கற்கின்றோம் என்பதையும் பெருமளவுக்குத் தீர்மானித்துவிடுகின்றது. யாழ்ப்பாணத்தின் மிஷன் பாடசாலைகளில் விவிலியத்தை முன்வைத்து ஆங்கிலம் கற்றவர்களின் நடையில் விவிலியத்தின் சாயல் படிந்தது. கந்தோர்க் கடிதங்களைப் பிரதி செய்து ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞர், வீட்டுக்கு எழுதிய கடிதத்தையும் கந்தோர்க் கடிதமாகவே எழுதினார். இவ்வுண்மையை மனத்திற் கொண்டே, இன்று மலையக மாணவரிடையே பரவலாகக் காணப்படும் ஒரு வழக்கத்தை ஆராய வேண்டியுள்ளது. அதுவே, செய்திகளின் மூலம், குறிப்பாகப் போர்ச் செய்திகளின் மூலம், ஆங்கிலச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் பயிலும் வழக்கமாகும்.

இவ்வழக்கம் ஏன் தோன்றிற்று என்பதை விளங்கிக்கொள்வதற்குத் தோட்டக் கல்வியின் வரலாற்றைச் சிறிதாவது நோக்குதல் அவசியம். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது. ஆயினும் அச்சட்டம் கருதியது சுயமொழிக் கல்வியையே. எழுத்தும் எண்ணும் சிறிது அறிந்தாற் போதும், அதற்கு மேற்பட்ட கல்வி கொழுந்து பறிக்கும் கைகளைக் கெடுத்துவிடும் என்பதே துரைமாரின் பொதுவான எண்ணமாயிருந்தது. 1970களின் பிற்பகுதியிலேயே தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வரத்தொடங்கின. அதுவரை ஆங்கிலம் என்பது பங்களாவுக்கும் கந்தோருக்கும் உரிய மொழி. லயத்துக்கு வந்து சேர்ந்தது அம்மொழியன்று. அதிலிருந்து உதிர்ந்த சில கட்டளைச் சொற்கள் மாத்திரமே.

பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் இல்லாத குறை இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ உள்ள ஒரு நகரப் பாடசாலை மாணவனுக்குக் கிட்டும் வாய்ப்பு, பிரதான வீதியிலிருந்து பல மைல் உள்ளே உள்ள ஒரு டிவிசனின் மாணவிக்குக் கிட்டுவதில்லை. இந்நிலையிற் கல்விப் பொதுத் தராதரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவருக்கு மூத்தோர் கூறும் அறிவுரை ஒன்றே: “பத்திரிகை வாசி, செய்தி கேள், புதிய சொற்களைக் கொப்பியில் எழுதிக்கொள்.” இவ்வறிவுரை தவறானதன்று. ஆனால், ஆங்கிலப் பத்திரிகையின் முதற் பக்கத்திலும் வானொலிச் செய்தியின் முதல் நிமிடத்திலும் எப்பொழுதும் இருப்பது எது? பெரும்பாலும் போரே. ஆகவே ‘செய்தியில் ஆங்கிலம் பயில்தல்’ என்பது நடைமுறையிற் ‘போரில் ஆங்கிலம் பயில்தல்’ என்றே ஆகிவிடுகின்றது.

இம்முறைக்குரிய நன்மைகளை முதலில் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். சொல் மனத்தில் நிலைப்பதற்குத் தேவையானது மீண்டும் மீண்டும் அதனைச் சந்தித்தலாகும். போர்ச் செய்தியின் சொற்றொகுதி சிறியது. ஆனால் நாள்தோறும் திரும்பி வருவது. தாக்குதல், பின்வாங்கல், முற்றுகை, பேச்சுவார்த்தை, போர்நிறுத்தம், அகதி, எல்லை, உடன்படிக்கை என்னும் சில நூறு சொற்களை அறிந்தவர், உலகின் எந்தப் பகுதியில் நடக்கும் போரைப் பற்றிய செய்தியையும் ஓரளவுக்கு வாசித்துவிடலாம். அன்றியும் பொருள் முன்னரே தெரிந்த ஒன்றைப் பிறமொழியில் வாசிப்பது எளிது. 2017 வரை ஒலித்த பீ.பீ.சீ. தமிழோசையை இரவிற் கேட்டவர், மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் அதே செய்தியைக் காணும்போது அகராதியின் துணையின்றியே பாதியை விளங்கிக்கொண்டார். தெரிந்த செய்தி தெரியாத மொழிக்கு ஏணியாயிற்று.

போருக்கும் ஒலிபரப்புக்கும் மொழிக் கல்விக்கும் உள்ள இத்தொடர்பு தற்செயலானதன்று. பீ.பீ.சீ.யின் தமிழ் ஒலிபரப்பு 1941இல், உலகப் போரின் நடுவே தொடங்கிற்று. அதன் ‘வானொலியில் ஆங்கிலம்’ என்னும் பாடம் 1943இல் தொடங்கிற்று. அமெரிக்காவின் குரல், ஏறத்தாழ 1500 சொற்களுக்குள் அடங்கிய எளிய ஆங்கிலத்தில் மெதுவாக வாசிக்கப்படும் செய்தியை 1959இல் ஆரம்பித்தது. அது பனிப்போரின் காலம். நமது நாட்டையே எடுத்துக்கொள்வோம். மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944இற் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அப்படைகளுக்கெனக் கொழும்பிலிருந்து இயங்கிய வானொலியின் வசதிகளே பின்னர் இலங்கை வானொலியின் புகழுக்கு அடித்தளமாயின. ஆங்கிலச் செய்தியை நம் வீடுகளுக்குக் கொணர்ந்த அலைகள் முதலிற் படைவீரனுக்காக எழுப்பப்பட்டவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

போர்ச் செய்தி மலையகத்துக்குத் தொலைவான ஒன்று என்று கருதுவோரும் உளர். அது சரியன்று. 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்தினுள் நுழைந்தபோது, அங்கு வீட்டுப் பணிக்குச் சென்றிருந்த இலங்கைப் பெண்கள் திரும்பி வருவார்களா என்ற ஏக்கம் இந்நாட்டின் எத்தனையோ குடும்பங்களைப் பற்றிக்கொண்டது. ‘ஈவாக்குவேஷன்’ என்னும் சொல்லை அவர்கள் அகராதியில் தேடிக் கற்கவில்லை. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோதும் நிலைமை அதுவே. இலங்கைத் தேயிலையை நீண்டகாலமாக வாங்கிவரும் நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. ஈராக், ஈரான், துருக்கி ஆகியனவும் அவ்வரிசையில் உள்ளன. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குரிய ஏறத்தாழ 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகச் செலுத்துவதற்கு 2021 டிசம்பரில் உடன்பாடு காணப்பட்டது. அந்நாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைகளே அத்தகைய பண்டமாற்றுக்கு வழிவகுத்தன. ஆகவே ‘சாங்ஷன்’ என்ற சொல் மலையக மாணவருக்கு வெறும் பரீட்சைச் சொல்லன்று; தாய் பறித்த கொழுந்தின் விலையோடு பிணைந்த சொல்.

இனி, இன்னுமோர் உண்மையையும் நோக்க வேண்டும். போர்ச் செய்தி வருமுன்னரே மலையகம் பெற்றிருந்த ஆங்கிலமும் ஒருவகையிற் படையின் ஆங்கிலமே. தோட்டத்துரைமார் தமக்கென ஒரு படைப்பிரிவையே வைத்திருந்தனர். 1900இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை போவர் யுத்தத்துக்கும் முதலாம் உலகப் போருக்கும் ஆட்களை அனுப்பி, 1949இற் கலைக்கப்பட்டது. அவர்கள் தோட்டத்தை நடத்திய முறையும் முகாமை நடத்தும் முறையை ஒத்திருந்தது. விடியற்காலையில் தொழிலாளர் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் இடம் பெரட்டுக்களம். பெரட்டு என்பது படை அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்பதன் திரிபெனக் கொள்ளப்படுகின்றது. ஆள் எண்ணும் ‘மஸ்டர்’ படைவீரரை எண்ணிய சொல். முகாமிற் குடிசைகள் நிரையாக அமைந்த இடத்தை ‘லைன்ஸ்’ என்பது ஆங்கிலப் படை வழக்கு. அது நம்மிடம் லயனாகி, லயமாகி, நமது முகவரியுமாகிவிட்டது. டிவிசன், கேங் என்பனவற்றையும் இவற்றோடு சேர்த்தெண்ணலாம். போர்ச் செய்தியைக் கையில் எடுக்கும் மலையக மாணவர் அந்நிய மொழியொன்றைப் புதிதாகக் கற்கின்றார் என்பதிலும், பாட்டன் காலத்தில் ஏவலாக வந்த மொழியின் இன்னொரு பக்கத்தைப் புரட்டுகின்றார் என்பதே பொருந்தும்.

இந்நோக்கில் ஆங்கில மரபுத்தொடர்களை அணுகுவது பயனுடைத்து. அம்மொழியின் அன்றாட வழக்கிற் பழைய போர்கள் வண்டலாகப் படிந்து கிடக்கின்றன. ஒப்படையைக் கையளிக்கும் இறுதி நாளை நாம் ‘டெட்லைன்’ என்கின்றோம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல் அண்டர்சன்வில் சிறைமுகாமிற் கைதிகள் தாண்டினாற் சுடப்படுவர் என வகுக்கப்பட்ட எல்லைக்கோட்டின் பெயர் அது. தொழிற்சங்கத்தின் சாதாரண உறுப்பினரைக் குறிக்கும் ‘ரேங்க் அன்ட் பைல்’ என்பது அணியில் நிற்கும் சிப்பாய்களைக் குறித்த தொடர். வேலைநிறுத்தக்காரர் வாயிலில் நிற்பதைச் சுட்டும் ‘பிக்கற்’ என்பது படையின் முன்காவல் நிலையத்தின் பெயர்.

இவற்றுள் ‘ஸ்ட்ரைக்’ என்னும் சொல் தனியே ஆராயத்தக்கது. லயத்திற் பிறந்த எவருக்கும் இச்சொல் தெரியும்; அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. 1768இல் இலண்டன் மாலுமிகள் ஊதியம் கோரிக் கப்பற்பாய்களை இறக்கி வைத்த செயலிலிருந்து இச்சொல் தொழிலாளரின் சொல்லாயிற்று என்பர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். மலையகத்தின் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகியாக அவர் போற்றப்படுகின்றார். ஆயின், இன்று செய்தியில் ஆங்கிலம் பயிலும் மாணவரின் கொப்பியில் இச்சொல் எவ்வாறு பதிவாகின்றது? ‘எயார் ஸ்ட்ரைக்’ என்றால் வான்தாக்குதல். ‘சேர்ஜிக்கல் ஸ்ட்ரைக்’ என்றால் துல்லியத் தாக்குதல். வெறுங்கையுடன் வேலையை நிறுத்திய மனிதனின் சொல், வானிலிருந்து குண்டு போடும் விமானத்தின் சொல்லாகக் கற்பிக்கப்படுகின்றது. ஒரே சொல்லின் இவ்விரு வாழ்வுகளையும் அருகருகே வைத்துக் கற்பிக்காத கல்வி, அம்மாணவரிடம் ஏற்கெனவே இருந்த அறிவைப் பறித்துக்கொண்டு இரவல் அறிவைக் கொடுக்கும் கல்வியாகும்.

மரபுத்தொடர்கள் யாவும் ஆங்கிலேயரின் தனிச்சொத்து என்ற மயக்கமும் களையப்பட வேண்டும். ‘கெரில்லா’ என்பது நெப்போலியனின் படையை எதிர்த்த ஸ்பானியரிடமிருந்து வந்தது. ‘பிளிட்ஸ்’ ஜெர்மானியச் சொல். ‘கமாண்டோ’ தென்னாபிரிக்காவின் போவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போவர்களிற் சிறைபிடிக்கப்பட்ட சில ஆயிரவர் 1900இல் நமது தியத்தலாவையிலேயே அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். 1991இல் ஈராக்கின் சதாம் ஹுசைன் அரபு மொழியில் ‘போர்களுக்கெல்லாம் தாய்’ என்று முழங்கினார். போரில் அவர் தோற்றார். அவருடைய தொடரோ ஆங்கிலத்தில் வென்று, இன்று எதனையும் மிகைப்படுத்திக் கூறும் வாய்பாடாகிவிட்டது. தோற்றவர்களின் சொற்களையும் வாங்கிக்கொண்டு வளர்வதே அம்மொழியின் வலிமை. இதனை அறிந்த மாணவர் அதன்முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இதுவரை கூறியவை இம்முறையின் பயன்கள். இனி அதன் குறைபாட்டுக்கு வருவோம். போர்ச் செய்தியின் மொழி சொல்வதற்காக மாத்திரமன்றி, சொல்லாமல் விடுவதற்காகவும் ஆக்கப்பட்ட மொழி. 1941 முதல் 1943 வரை பீ.பீ.சீ.யின் கீழைத்தேயப் பிரிவில் இந்தியாவுக்கான ஒலிபரப்பிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஓர்வெல், 1946இல் எழுதிய அரசியலும் ஆங்கில மொழியும் பற்றிய கட்டுரையில் இதனை எடுத்துக்காட்டினார். காப்பற்ற கிராமங்கள் குண்டுவீச்சுக்குள்ளாவது அமைதிப்படுத்தல் எனப்படுகின்றது; உழவர்கள் நிலத்திலிருந்து விரட்டப்படுவது மக்கள் இடமாற்றம் எனப்படுகின்றது. கண்முன் தோன்ற வேண்டிய காட்சியைத் தோன்றவிடாமற் செய்வதே இத்தகைய தொடர்களின் தொழில் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னாளில் வியட்னாம் போர்க்காலந் தொட்டு வழங்கி 1991 வளைகுடாப் போரில் உலகெங்கும் பரவிய ‘கொலற்றரல் டமேஜ்’ என்பதும் இவ்வினத்ததே. ‘பக்கச் சேதம்’ என்று அதனைத் தமிழாக்கி மனனம் செய்யும் மாணவர், அச்சேதம் செத்துப்போன மனிதர் என்பதை எந்த இடத்தில் அறிந்துகொள்வார்?

மலையகத் தமிழருக்கு இது ஏட்டுப் பிரச்சினையன்று. ‘மக்கள் இடமாற்றம்’ என்ற தொடரின் பொருளை உடலால் அறிந்த சமூகம் இது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் ‘ரிபாட்ரியேஷன்’. தமிழில் ‘தாயகம் திரும்புதல்’. திரும்புதல் என்றால் முன்னர் புறப்பட்ட இடத்துக்கு மீளுதல். கப்பலேறியவர்களிற் பெரும்பாலோர் இத்தீவிற் பிறந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்கள். பிறந்த மண்ணைவிட்டு அனுப்பப்பட்டவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ எனச் சுட்டிய அச்சொல், அனுப்பியவர் யார் என்ற கேள்வியையே எழவிடவில்லை. எஞ்சியோரின் நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி ஏந்தாத ஒரு நடவடிக்கையையும் போர்ச் செய்தியின் இலக்கணம் எவ்வாறு மூடிவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

நாட்டில் நடந்த போரின் மொழியும் இத்தகையதே. 1987 முதல் 1990 வரை இந்நாட்டிற் போரிட்ட இந்தியப் படையின் பெயர் அமைதி காக்கும் படை. 1995இல் மீண்டும் மூண்ட யுத்தத்தை அரசாங்கம் ‘சமாதானத்துக்கான யுத்தம்’ என்றது. 2006 முதல் 2009 வரை நடந்த இறுதிக்கட்டம் ‘மனிதாபிமான நடவடிக்கை’ எனப்பட்டது. 2009இல் வன்னியிற் பொதுமக்களுக்கென அறிவிக்கப்பட்ட ‘நோ பயர் சோன்’ என்னும் பகுதிகளிலேயே பெருந்தொகையானோர் மாண்டனர் என்பதையும், அங்கு எறிகணைகள் வீழ்ந்ததையும், மறுபுறம் விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்து வைத்திருந்ததையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் தோட்டங்களைவிட்டு வன்னிக்குச் சென்று குடியேறிய மலையக மக்களும் அந்நிலத்தில் இருந்தனர். இவர்களின் உறவினருள் ஒருவர், இச்செய்திகளின் ஆங்கில வடிவத்தை வெட்டி ஒட்டிச் சொற்பயிற்சி செய்வதாகக் கொள்வோம். அவர் கற்கும் ஒவ்வொரு தொடரும் தம்மவரின் சாவின்மீது போர்த்தப்பட்ட துணியாக இருத்தல் கூடும்.

இம்மொழியின் பாதிப்பு ஆங்கிலத்தோடு நின்றுவிடவில்லை. நமது தமிழ்ச் செய்திநடையும் அதன்வழி மாறியுள்ளது. குண்டு போட்டான், கொன்றார்கள் என எழுவாயோடு பேசுவது மக்கள் பேச்சின் இயல்பு. செய்தித் தமிழோ ‘கொல்லப்பட்டனர்’, ‘தாக்குதல் மேற்கொள்ளப்பட்டது’, ‘நிலைமை கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது’ எனச் செயப்பாட்டு வினைகளால் நிரம்பியுள்ளது. செய்தவன் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகின்றான். இந்நடை இப்பொழுது தோட்டத்துச் செய்திகளையும் பற்றிக்கொண்டது. கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டினால் அவர்கள் ‘குளவிக் கொட்டுக்கு இலக்காகி’ வைத்தியசாலையில் ‘அனுமதிக்கப்பட்டுள்ளனர்’ என வாசிக்கின்றோம். இலக்கு என்பது வில்லாளியின் சொல். குறிபார்த்தவன் ஒருவன் உளன் என்னும் பொருளை உள்ளடக்கியது. இங்கோ குறிபார்த்தவன் எவனுமில்லை. குளவிக்கூட்டை முன்னரே அகற்றியிருக்க வேண்டியவர் மாத்திரம் உளர். அவர் அவ்வாக்கியத்தில் இடம்பெறுவதேயில்லை.

இவ்வகை வாசிப்பின் விளைவு எத்துணைப் பாரதூரமானது என்பதற்குத் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் பற்றிய செய்தி ஒன்றே சான்று. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 730 ரூபா. அடிப்படைச் சம்பளம் 500, வரவுக்கான கொடுப்பனவு 60, உற்பத்தித் திறனுக்கான கொடுப்பனவு 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30 என்பன அதன் கூறுகள். 2019ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ஆயிற்று. விலைப் பங்கு 50 ஆயிற்று. ஏனைய இரு கொடுப்பனவுகளும் நீக்கப்பட்டன. அடிப்படைச் சம்பளத்தை மாத்திரம் நோக்கினால் நூற்றுக்கு 40 உயர்வு. எல்லாக் கொடுப்பனவுகளையும் பெற்றுவந்த தொழிலாளியின் கைக்கு வந்த மொத்தத்தை நோக்கினால் 730இலிருந்து 750. உயர்வு 20 ரூபா. அடிப்படை உயர்ந்தமையால் சேமலாப நிதிக்குச் செல்லும் பங்கு உயர்ந்தது உண்மை. வரவுக் கொடுப்பனவைப் பெற முடியாதிருந்தோருக்கு அது கூடுதலாக நன்மை பயந்ததும் உண்மை. ஆயினும் இவ்விரு கணக்குகளையும் பிரித்தறிய வேண்டுமாயின் ‘அற்றெண்டன்ஸ் இன்சென்ரிவ்’, ‘பிறைஸ் ஷெயார் சப்ளிமென்ற்’ என்னும் தொடர்கள் விளங்க வேண்டும். ‘சேர்ஜிக்கல் ஸ்ட்ரைக்’ என்பதன் பொருளை உடனே கூறும் மாணவர், தாயின் சம்பளத் துண்டில் உள்ள சொல்லுக்குப் பொருள் அறியாது நிற்பாராயின், அக்கல்வி யாருக்காக நடைபெறுகின்றது என்று கேட்பது நியாயமே.

‘அவ்வாறாயிற் போர்ச் செய்தியை முற்றாக விலக்கிவிடலாமே, கதைகளும் கவிதைகளும் படித்து ஆங்கிலம் கற்கலாமே’ என்பார் சிலர். இக்கூற்று ஏற்புடையதன்று. முதலாவது, பத்திரிகை மலிவானது. ஹற்றன் கடைத்தெருவில் வடை சுற்றிவரும் தாளும் வாசிப்புக்குதவும். நூலகம் எட்டாத இடத்திற் பத்திரிகையே நூலகம். இரண்டாவது, உலக நடப்பை அறியாத ஆங்கிலம் பங்களாவின் உபசார மொழியாகவே எஞ்சும். விலக்குதல் தீர்வன்று, விமர்சனத்தோடு வாசித்தலே தீர்வு.

அதற்கு முன்மாதிரியும் நமது மண்ணிலேயே உண்டு. மடக்கும்புரையிற் பிறந்து, 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியவர். 1954இல் வெளிவந்த அவரது தேயிலைத் தோட்டம் பற்றிய கவிதைநூலும், 1970இல் வெளிவந்த ‘போர்ன் டு லேபர்’ என்னும் உரைச்சித்திர நூலும் ஆங்கிலத்திலேயே ஆக்கப்பட்டவை. பெரட்டுக்களமும் கங்காணியும் லயமும் அம்மொழியில் இடம்பெற்றன. ஆனால் அவை துரையின் அறிக்கையில் வரும் எண்ணிக்கைகளாக அன்றி, பெயரும் முகமும் கொண்ட மனிதரின் வாழ்விடங்களாக இடம்பெற்றன. ஏவுவதற்கு வந்த மொழியை எடுத்துரைப்பதற்கு அவர் பயன்படுத்தினார். ‘தொழிலாளர் படை’ என்று நிர்வாகம் ஒரே சொல்லில் அடக்கிய கூட்டத்தை ஆளுக்காளாகப் பிரித்துக் காட்டியமையே அவர் செய்த இலக்கியப் பணி. அவர் நூல்கள் நமது ஆங்கில வகுப்புகளிற் பத்திரிகைக்கு அருகில் வைத்துப் படிக்கப்பட வேண்டியவை. ஒன்று மனிதரைத் தொகையாக்கும் ஆங்கிலம். மற்றையது தொகையை மனிதராக்கும் ஆங்கிலம். இரண்டையும் அறிந்தவரே அம்மொழியை அறிந்தவர்.

நடைமுறைக்கு உகந்த சிலவற்றையும் இங்குக் குறிப்பிடலாம். சொற்கொப்பியில் ஒரு தொடரை எழுதும்போது, பொருளை மாத்திரம் எழுதாது, அச்செயலைச் செய்தவர் யார், அதனால் தாக்குண்டவர் யார் என்ற இரு வினாக்களுக்கும் விடை எழுத வேண்டும். விடை செய்தியிற் கிடைக்காவிடின், ‘செய்தி கூறவில்லை’ என்றாவது எழுத வேண்டும். அக்குறிப்பே வாசிப்பின் தொடக்கமாகும். அடுத்து, அவ்வாக்கியத்தைப் பத்திரிகைத் தமிழில் அன்றி, லயத்தில் வழங்கும் பேச்சுத் தமிழில் மாற்றிப் பார்க்க வேண்டும். பேச்சுத் தமிழ் எழுவாயை எளிதில் விட்டுக்கொடாது. ‘யார் போட்ட குண்டு?’ என்று கேட்டுவிடும். மூன்றாவதாக, ஒரே சம்பவத்தை எதிரெதிர்த் தரப்புகளின் இரு ஏடுகளில் வாசித்து, ஒன்று ‘மீட்பு’ என்பதை மற்றையது ‘ஆக்கிரமிப்பு’ என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ஒருபொருட் பன்மொழி என்பதை இதனினும் தெளிவாக எந்த இலக்கண நூலும் கற்பிக்காது. இறுதியாக, ஒவ்வொரு போர்ச் சொல்லோடும் தோட்டத்தின் சொல் ஒன்றையும் கற்க வேண்டும்: வான்தாக்குதலைக் குறிக்கும் ‘ஸ்ட்ரைக்’ வரும் பக்கத்திலேயே முல்லோயாவின் ஸ்ட்ரைக்கும், பொருளாதாரத் தடை வரும் பக்கத்திலேயே தேயிலை ஏல விலையும் இடம்பெற வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்திற்கு வந்துள்ள மலையக மாணவர் தமது விடுமுறைக் காலத்திற் பாடசாலைப் பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை ஒரு பத்திரிகையை விரித்து உட்கார்ந்தாற் போதும். ஆங்கிலம் வேண்டும் என்பதில் நமக்கிடையே கருத்து வேறுபாடில்லை. தொழிலுக்கும் உயர்கல்விக்கும் நீதிமன்றத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் அது வேண்டும். நாம் வேண்டாமென்பது, பெரட்டுக்களத்தில் நின்று ஏவலைக் கேட்டது போல, வந்த தொடரை வந்தவாறே ஏற்று மனனம் செய்யும் அந்தப் பழக்கத்தைத்தான். பாட்டனுக்கு அம்மொழியிற் கேள்வி கேட்கும் உரிமை இருக்கவில்லை. பேரப்பிள்ளைகள் அம்மொழியிற் கற்க வேண்டிய முதற் சொல் கேள்விச் சொல்லாகவே இருக்கட்டும்.